தாத்தாவின் அம்பாசிடரும் இரண்டு ‘டாப்’களும்

நான் (தருமபுரி), காலை 7:12
சித்தப்பா, அம்பாசிடரில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைக்கும்போது பிளக் ஒயர்களை அடையாளமிடாமல் கழற்றிவிட்டேன். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் புல்லியிலுள்ள வெட்டை எஞ்சினிலுள்ள குறிமுள்ளுக்கு நேராக நிறுத்தி, மூடிக்குள் சுழலும் ரோட்டார் காட்டிய முனையையே முதல் சிலிண்டருக்கு உரியதாகக் கொண்டு 1-3-4-2 என்ற, சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையில் மாட்டினேன். வண்டி கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது.

கிருஷ்ணகிரி சித்தப்பா, 7:25
தம்பி, வரிசையில் தவறில்லை. இந்த எஞ்சினில் ஒரு முழுச் சுற்று முடியக் கிராங்க் இருமுறை, அதாவது 720 பாகை சுழல வேண்டும் என்பதால், பிஸ்டன் கலவையை அழுத்திக்கொண்டு உச்சிக்கு, அதாவது ‘டாப்’புக்கு, வரும்போதும் புகையைத் தள்ளிக்கொண்டு வரும்போதும் புல்லியின் வெட்டு அதே முள்ளுக்கு நேராகத்தான் நிற்கும். நீ இரண்டாவதைப் பிடித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அப்போது இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியிருப்பதால்தான் நெருப்பு கார்புரேட்டருக்கு ஓடுகிறது.

பாலக்கோடு அத்தை, 7:31
பிளக் துளையில் ஒரு குச்சியை விட்டு, அது உயர்வதைப் பார்த்தால் போதாதா?

கிருஷ்ணகிரி சித்தப்பா, 7:44
போதாது அக்கா. இந்த வண்டியில் துளை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. நேராக இருந்தாலும், உச்சியை நெருங்கிய பிஸ்டன் சில பாகைகளுக்கு அசையாததுபோலவே நிற்கும் என்பதால் குச்சியை நம்ப முடியாது. அது எந்த உச்சி என்பதையும் குச்சி சொல்லாது.
தம்பி, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை அணைத்து, நான்கு பிளக்குகளையும் கழற்றிவிடு. ரேடியேட்டர் பக்கமுள்ள முதல் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்; ஹேண்டிலை வேறொருவர் மெதுவாகச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளும் சுற்றில்தான் வெட்டை முள்ளுக்கு நேராக நிறுத்த வேண்டும். சந்தேகமிருந்தால், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மூடியைத் திறந்து பார். முதல் சிலிண்டரின் இரு ராக்கர்களும் லேசாக ஆடும், நான்காவதன் இரண்டும் இறுகியிருக்கும்.

நான் (தருமபுரி), 9:50
தங்கை ஹேண்டிலைச் சுற்றினாள், விரலைக் காற்று நன்றாகவே தள்ளியது. ரோட்டாரோ, நான் நான்காவது ஒயரை மாட்டியிருந்த முனையைக் காட்டியது! ஒன்றையும் நான்கையும், மூன்றையும் இரண்டையும் இடம் மாற்றினேன். இரண்டாவது முயற்சியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பாலக்கோடு அத்தை, 9:53
அடுத்த முறை கழற்றும் முன் ஒயர்களில் எண்களை எழுதி ஒட்டு, கண்ணு.