கலைச்சொல்: பழைய கைக்கடிகாரம் அசலா என்று பார்ப்பதற்கு ‘நோட்டம்’

அன்பின் நண்பர்களே,

இந்தக் கலைச்சொல் இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> ஆதென்டிகேஷனுக்கு ‘உண்மைத்தன்மை சரிபார்ப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, கடிகாரத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே.

கடவுச்சொல்லுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே விடை இரண்டுதான், பொருந்தியது அல்லது பொருந்தவில்லை. கைமாறி வரும் விலையுயர்ந்த கடிகாரத்தில் அப்படி ஒற்றை விடை கிடைப்பதே அபூர்வம். கேஸ் (வெளிக்கூடு) அசல், மெஷின் அசல், டயல் அசல்தான் ஆனால் வேறு கடிகாரத்திலிருந்து வந்தது, முட்கள் பத்து வருடம் கழித்துப் போட்டவை, கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கத் திருகு) எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை என்று இருந்தால் ‘உண்மைத்தன்மை’க்கு என்ன பதில் எழுதுவீர்கள்?

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் ஏலம் விட்ட, ஒமேகா கம்பெனியின் ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2915-1 என்ற முதல் வகை, வெயிலில் பழுப்பேறிய டயல். 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அதே ஒமேகா, அந்தக் கடிகாரம் பெரும்பாலும் அசல் உறுப்புகளைக் கொண்டே பல இடங்களிலிருந்து சேர்த்துக் கட்டப்பட்டது என்றும், இதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்குத் தொடர்பு உண்டு என்றும் சொன்னது. உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் போலி என்று சொல்ல அதிகம் இல்லை, முழுப் பொருளாகப் பார்த்தால் பொய். செய்த நிறுவனமே பணம் கொடுத்து வாங்கி ஏமாந்த பொருளை ‘அசல் / போலி’ என்ற இரண்டு பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பதுதான் என் வாதம் முழுவதும்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு சொல். செயலுக்கு ஒன்று, இந்த நடுவாந்தர விளைவுக்கு ஒன்று.

செயலுக்கு நான் முன்வைப்பது நோட்டம். காசையும் மணியையும் கையில் வாங்கி ஆராய்ந்து தேறுமா தேறாதா என்று சொல்வதற்கு நம்மிடம் வெகுகாலமாக இருக்கும் சொல் அது, அதைச் செய்பவர் நோட்டக்காரர். அகராதிகளில் இன்றும் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, ‘சரிபார்ப்பு’ மாதிரி ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு டிக் போடும் வேலையாக இது ஒலிக்கவில்லை, பார்ப்பவரின் கண்ணும் பழக்கமும் உள்ளே வருகின்றன. பட்டியலை வைத்து மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு விநாடி முள் ஒன்றே போதும். முள் டிக் டிக்கென்று விநாடிக்கு ஒரு தடவை தாவினால் ரோலெக்ஸ் போலி என்று ஊரெல்லாம் சொல்வார்கள். மணிக்கு 28,800 துடிப்பு உள்ள மெஷினில் முள் விநாடிக்கு எட்டுச் சிற்றடி வைத்துப் போகும், கண்ணுக்கு வழுக்குவது போலத் தெரியும், அது சரி. ஆனால் 1977இல் ரோலெக்ஸே ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று பேட்டரிக் கடிகாரம் விற்றிருக்கிறது, அது தாவத்தான் செய்யும். இன்னொரு பக்கம், போலியின் மெஷினும் இப்போது அதே 28,800இல் ஓடுகிறது. விதி இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது.

தேதிக்கு மேலிருக்கும் உருப்பெருக்கிக் குமிழும் (இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும்), 2000களின் தொடக்கத்திலிருந்து கண்ணாடியில் 6 மணிப் பக்கம் பொறிக்கப்படும் கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டிக் கிரீடமும் இப்படித்தான். இல்லாவிட்டால் சந்தேகப்படலாம், இருந்தால் ஒன்றும் நிரூபணமில்லை. கண்ணாடியை மாற்றியிருந்தால் பழைய கடிகாரத்தில் புதுக் கிரீடம் கூட இருக்கும்!

நோட்டக்காரர் உண்மையில் செய்வது ஒரு உறுப்பை இன்னொரு உறுப்பிடம் விசாரிப்பது. உதாரணமாக, டயலின் அடியில் 6க்குக் கீழே ‘டி சுவிஸ் டி’ என்று அச்சிட்டிருந்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் (நாளாக ஆகச் சிதைந்து குறையும் கதிரியக்கப் பொருள்) என்று பொருள், 1990களின் கடைசி வரை பரவலாக இருந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 50 வருடத்துக்கு முந்தைய டயலில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அது விடிய விடியப் பச்சையாக எரிந்தால் யாரோ பூச்சைப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள், அல்லது டயலே புதிது. டயல் மங்கியும் முட்கள் மட்டும் எரிந்தால் இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. இங்கே போலி என்ற சொல்லுக்கே வேலை இல்லை பாருங்கள், வயதுதான் பேச்சு.

இந்த நடுவாந்தர விளைவை ஆங்கிலத்தில் ஃப்ராங்கன்வாட்ச் என்கிறார்கள், பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்த ஃப்ராங்கன்ஸ்டைன் கதையை நினைத்து. இழையில் இதுவரை வந்தவை கலவைக் கடிகாரம், கதம்பக் கடிகாரம், கூட்டுக் கடிகாரம். கலவை என்றால் கரைந்து போயிருக்க வேண்டும், இங்கே எதுவும் கரையவில்லை. கதம்பம் அழகாக இருக்கிறது, அதுதான் குறை, யாராவது பெருமையாக விளம்பரத்தில் போடுவார்கள். நான் சொல்வது ஒட்டுக் கடிகாரம். ஒட்டு மாமரத்தில் வேரும் கிளையும் இரண்டுமே உண்மையான மாமரம்தான், இரண்டும் ஒரே மரமல்ல. பேச்சுவழக்கில் ‘ஒட்டுப் போட்டது’ என்றால் லேசான இளக்காரமும் இருக்கிறது, அது நமக்குத் தேவை.

இன்னொன்று போகிற போக்கில்: சூப்பர்க்ளோனுக்கு (உள்ளே மெஷின் வரை அசலைப் பார்த்துச் செய்த போலிக்கு) அச்சுப்போலி. ‘அச்சு அசல்’ என்று நாம் சொல்வதே அசல் இல்லாத ஒன்றைப் பார்த்துத்தானே.

———

மறுமொழி

வணக்கம் ஐயா,

பழுதுபார்க்கும் மேசைப் பக்கமிருந்து இரண்டு வார்த்தை.

முதலில் நோட்டம். சொல் நல்ல சொல்தான், ஆனால் இன்றைக்கு யாரிடமாவது ‘கடிகாரத்தை நோட்டம் விட்டேன்’ என்று சொன்னால் திருட வந்தவன் என்று நினைப்பார்கள். பழைய பொருளைத் திரும்பக் கொண்டுவரும்போது புதிய பொருள் வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. மெய்ந்நோட்டம் என்று முன்னொட்டுச் சேர்க்கலாமா?

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஒட்டு என்று எதைச் சொல்வீர்கள்? கடிகாரம் சர்வீஸுக்குப் போனால் தேய்ந்த கிரவுனை மாற்றுவார்கள், கீறிய கண்ணாடியை மாற்றுவார்கள், உரிமையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டிரிட்டியம் முள்ளை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சுள்ள முள் போடுவதும் நடக்கும். செய்தது கம்பெனியே, போட்டது கம்பெனிச் சரக்கே. அதை வைத்திருப்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் சொல்லில் அவர் கடிகாரமும் ஒட்டு ஆகிவிடும், விலை சரிந்துவிடும். சேகரிப்பவர்கள் இதைத் தனியாக சர்வீஸ் டயல், சர்வீஸ் முள் என்பார்கள். அதே டயலை மேலே சாயம் பூசி எழுத்தை மறுபடி அச்சடித்தால் அது ரீடயல். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. ரீடயலை லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், எழுத்தின் விளிம்பு தடித்திருக்கும், நிமிடக் கோடு முழுதாகச் சுற்றி வந்து சேருமிடத்தில் இடைவெளி பிசகும். சர்வீஸ் டயல் சுத்தமாக இருக்கும், சில நேரம் கடிகாரத்தின் வயதுக்கு மீறிய சுத்தம்.

அச்சுப்போலிக்கு என் ஓட்டு உண்டு. ரோலெக்ஸின் 3135 மெஷினைப் பாகம் பாகமாகப் பார்த்துச் செய்ததெல்லாம் வந்துவிட்டது. பின்மூடியைத் திறந்து ‘ஆ, உள்ளேயும் சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் காலம் போய்விட்டது. டைம்கிராஃபரில் (துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியில்) வைத்தால் ஒழுங்காகவே ஓடும். அந்தக் கருவி சொல்வது மெஷினின் உடல்நலத்தை, குலத்தை அல்ல. திருகின் தலை, பாலத்தின் (மெஷினில் சக்கரங்களைத் தாங்கும் தகட்டின்) விளிம்பில் சீவியிருக்கும் விதம், பொறித்த எழுத்தின் ஆழம், இவற்றில்தான் பிடிபடும்.

———

மறுமொழி

மெய்ந்நோட்டம் வேண்டாம். ‘ந்ந்’ போட்டு எழுதவே பாதிப் பேர் தடுமாறுவார்கள், ‘மெய்’ போட்டவுடன் முடிவை முதலிலேயே சொன்ன மாதிரியும் ஆகிறது. துணைவினை நமக்காக வேலை செய்யட்டும்: நோட்டம் விட்டால் திருடன், நோட்டம் பார்த்தால் நோட்டக்காரர். ‘வாங்கும் முன் நோட்டம் பார்த்தாயா?’ என்று கேட்டால் காதில் உறுத்தவில்லை, எனக்கு அது போதும்.

ஒட்டு விஷயத்தில் நீங்கள் இழுத்த கோட்டை ஏற்கிறேன். உறுப்பு மாறியிருந்தால் மட்டும் ஒட்டு ஆகாது. எந்தக் காலத்திலும் ஒன்றாக இல்லாத உறுப்புகளைச் சேர்த்துவிட்டு, ஆலையிலிருந்து இப்படியே வந்தது என்று முன்வைத்தால்தான் ஒட்டு. கம்பெனி மாற்றியதற்குப் பின்னுறுப்பு என்று வைக்கலாம் (பின்டயல், பின்முள் என்று சுருங்கவும் செய்யும்), ரீடயலுக்கு மறுபூச்சு டயல்.

காகிதங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அட்டையைப் போலியாக அச்சடிப்பது கடிகாரத்தைச் செய்வதைவிட எத்தனையோ எளிது. பட்டேக் பிலிப் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேட்டிலிருந்து ஒரு நகல் தரும், இந்த மெஷின் எண்ணும் இந்தக் கேஸ் எண்ணும் ஒரே கடிகாரமாக இந்த ஆண்டு செய்யப்பட்டது, இந்த ஆண்டு விற்கப்பட்டது என்று. அதற்குப் பேரேட்டு நகல் என்பதே போதும், புதுச்சொல் தேவையில்லை. நகல் கையில் இருந்தாலும் அது ஏட்டில் இருப்பதை மட்டும்தான் சொல்லும், உங்கள் கையிலிருக்கும் டயலை அது பார்த்ததில்லை. எண் சரியாக இருந்து பொருள் திருட்டுப் பொருளாக இருக்கவும் கூடும், அசல் என்பதும் உரிமை என்பதும் வேறு வேறு. நோட்டச் சீட்டில் உரிமைக்குத் தனி வரி இருக்க வேண்டும் என்பேன்.

சொற்களைச் சீட்டில் எழுதிப் பார்த்தேன், நடக்கிறதா பாருங்கள்:

கேஸ்: அசல், மிகையாக மெருகேற்றியதால் காதுகள் மெலிந்திருக்கின்றன. மெஷின்: அசல், கேஸுக்கு எண் பொருத்தம் உண்டு. டயல்: மறுபூச்சு. மணி முள், நிமிட முள்: பின்னுறுப்பு. விநாடி முள்: வேறு வகைக்குரியது. கண்ணாடி: புதிது. காகிதம்: பேரேட்டு நகல் உண்டு, அட்டை நம்பத்தக்கதல்ல. உரிமை: பார்க்கப்படவில்லை.

‘காது’ என்று லக்கை (கேஸில் பட்டை மாட்டும் நீட்டல்களை) சொல்லியிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள். டயலின் ஒளிப்பூச்சுக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை, அதற்குத் தனி இழை திறக்கலாம்.