மூன்று டிகிரி இடைவெளி ஒன்றரை ஆன கதை

மேகங்களையும் காலநிலையையும் ஆராயும் குழு ஒன்றில் நான்கு வருடம் நிரல் எழுதும் வேலை பார்த்தேன். குழுத் தலைவர் ஒரு பேராசிரியை. கடலுக்கு மேலே பாய் விரித்ததுபோல் தாழ்வாகக் கிடக்கும் மேகங்களை மட்டுமே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் மேடம்? ஏன் ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?" அவர் பலகையில் இரண்டு வரி எழுதினார். 1979, சார்னி என்ற விஞ்ஞானி தலைமையிலான குழு: 1.5 முதல் 4.5 வரை. 2021, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை: 2.5 முதல் 4 வரை. "மூன்று டிகிரி இடைவெளி ஒன்றரை ஆகியிருக்கு. என் சர்வீஸ் முழுக்க இந்த ரெண்டு வரிக்கு நடுவுலதான் இருக்கு" என்றார். குரலில் அத்தனை பெருமை.

இவ்வளவுதானா என்று அன்று நினைத்தேன். வேலை பழகப் பழகத்தான் புரிந்தது. மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பூமிக்குக் கிடைக்கும் ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 வாட் குறைகிறது. அதே மேகங்கள் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைப்பதால் 30 வாட் போலக் கூடுகிறது. கூட்டிக் கழித்தால் 20 வாட் அளவுக்குப் பூமியைக் குளிர்விக்கின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் கூடுவதோ 4 வாட்டை ஒட்டித்தான். ஆகவே மேகம் கொஞ்சம் மெலிந்தாலும் கணக்கு புரண்டுவிடும். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காலநிலையைக் கணக்கிடும் கணினி மாடலில் ஒரு கட்டம் பல நேரம் 100 கிலோமீட்டர் அகலம். சின்னக் குவிமேகம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கட்டத்துக்குள் காணாமல் போகும் அந்த மேகங்களுக்காகத் தோராயமாக ஒரு சூத்திரம் எழுத வேண்டும். அதில் நாற்பது வரியை மாற்ற எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "இது நிஜ மேகத்துல நடக்குதா, இல்ல எண்ணைச் சரிக்கட்டப் போட்டதா?"

* * *

மேலே எழுதியவர் சொன்னது மாடல் பக்கம். நான் அளக்கும் பக்கத்தில் இருந்தவன். ஆராய்ச்சி விமானத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். இறக்கைக்கு அடியில் தொங்கும் கருவியில் ஒரு லேசர் கற்றை இருக்கும். அதைக் கடந்து போகும் துளிகளின் அளவைக் கருவி பதிந்துகொண்டே வரும். மேகத்துளி என்பது மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பத்து லட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. ஒரே மேகத்துக்குள் உயரம் மாற்றி மாற்றி நுழைந்து வருவோம். குலுக்கலில் பலருக்கு வாந்தி வந்துவிடும். எங்கள் விஞ்ஞானி சார் மட்டும் பென்சிலால் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல வந்தது வேறு. பனிப்படிகங்கள் கருவியின் முனையில் மோதிச் சிதறி, ஒன்று பலவாக எண்ணப்படுகிறது என்பது இந்தத் துறையில் தெளிவானபோது, முனைகளின் வடிவத்தையே மாற்ற வேண்டி வந்தது. புது முனையோடு பறந்து வந்த டேட்டாவைப் பார்த்த அன்று சார் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தன்னுடைய பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். சிறிய படிகங்களின் எண்ணிக்கை அவற்றில் நிஜத்தைவிட அதிகமாக இருந்தது. அடுத்த கருத்தரங்கில் முதல் படமாக அதைத்தான் போட்டார்: தன் பழைய கோடு, அதற்குக் கீழே திருத்திய கோடு. எதிரே உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. அந்த மூன்றையும் பழைய டேட்டாவைத் திருத்துவதிலேயே செலவிட்டார்.

* * *

மேலே இருவர் எழுதியது வேலை பார்த்த இடத்துக் கதை. என்னுடையது வீட்டுக் கதை: என் பெரியப்பா மகள் மேக விஞ்ஞானி. இயற்பியல் படித்து, ஆறு வருடம் பிஎச்டி செய்து, அப்புறம் இரண்டிரண்டு வருட ஒப்பந்தமாக நான்கு இடம் மாறினாள் அக்கா. நிரந்தர வேலை கிடைத்தபோது நாற்பதை நெருங்கிவிட்டாள். இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். அடுத்த ஒப்பந்தம் வருமா என்று அவள் காத்திருந்த மாதங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

மனம் சோரும்போதெல்லாம் ஜோஆன் சிம்ப்சன் பற்றிப் பேசுவாள். 1949ல் அமெரிக்காவில் வானிலையியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அதிகம் பேர் கவனிக்காத குவிமேகங்களை எடுத்துக்கொண்டவர். வெப்பமண்டல மழையை விண்ணிலிருந்து அளந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோளுக்காகப் பல வருடம் உழைத்தார். 1997 நவம்பரில் அது ஏவப்பட்டபோது அவருக்கு வயது 74.

அக்கா காத்திருந்தது மேகங்களை ஆராயும் எர்த்கேர் செயற்கைக்கோளுக்கு. ஐரோப்பிய விண்வெளி முகமை 2004ல் தேர்ந்தெடுத்த திட்டம், ரேடார் ஜப்பானுடையது. கிளம்பியது 2024 மே 28. ஜூனில் அந்த ரேடாரின் முதல் படம் வெளியான அன்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். திரையில் ஒரு மேகத்தின் குறுக்குவெட்டு, கூடவே உள்ளே இருப்பவை விழும் வேகம். விரலை வைத்துக் காட்டினாள். "இங்க பாரு, மேல பனியா மெதுவா இறங்குது. இந்த உயரத்துக்குக் கீழ உருகி மழையாகி வேகமா விழுது. மேகத்துக்குள்ள இந்த வேகத்த விண்வெளியிலிருந்து இதுக்கு முன்னாடி யாருமே அளந்ததில்லடா."