குழந்தை இறந்த வழக்கில் கொலைத் தீர்ப்பு: மேல்முறையீட்டில் எதை வாதிட முடியும்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். என் அத்தை மகள் தன் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளையை வளர்த்து வந்தார். நான்கு வயதான அந்தச் சிறுவன் வயிற்றில் ஏற்பட்ட உள்காயத்தால் இறந்துபோனான். கடந்த வாரம் உயர் நீதிமன்றம் தண்டனைச் சட்டம் 302ஆவது பிரிவின்கீழ் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 30 ஆண்டுச் சிறை விதித்தது. பிள்ளையை அடித்ததுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டார். கொல்ல நினைத்ததில்லை என்கிறார். அன்று காலை அவர் செம்பனைத் தோட்டத்தில் வேலையில் இருந்தபோது, வேறு இருவர் வீட்டில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் இதையெல்லாம் மறுபடியும் விசாரிப்பார்களா? வழக்கறிஞர் செலவுக்காக அத்தை நகைகளை விற்கப் போகிறார்.

பதில் 1 (ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்)

தம்பி, முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்தாக வேண்டும். சிறையில் இருப்பவர் அதைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். நகைகளை இப்போதே விற்க வேண்டாம். மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்பதால், வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும் வழியுண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள்.

புத்ராஜெயாவில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகள் சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரிப்பது மிக அரிது. வழக்குப் பதிவேட்டையும் தீர்ப்புக்கான காரணங்களையும் படித்து, உயர் நீதிமன்ற நீதிபதி சட்டத்திலோ சாட்சியங்களை எடைபோட்டதிலோ தவறினாரா என்பதையே பார்ப்பார்கள். சாட்சிகளை நேரில் கண்டவர் அவர் என்பதால், யார் சொன்னது உண்மை என்ற அவருடைய முடிவில் எளிதில் கைவைக்க மாட்டார்கள்.

ஆகவே வழக்கறிஞர் துருவ வேண்டியது, உயிரைப் பறித்த அந்தக் காயம் எந்த நேரத்தில் ஏற்பட்டது என்று சவப்பரிசோதனை செய்த மருத்துவர் சொன்னதைத்தான். அந்த நேர வரம்புக்குள் உங்கள் அத்தை மகள் வேலையில் இருந்த காலைப் பொழுதும் அடங்கினால், மற்ற இருவரையும் அரசுத் தரப்பு எப்படி விலக்கியது என்று கேட்கலாம். அவருடைய விளக்கத்தை நீதிபதி நம்பாவிட்டாலும், அது நியாயமான சந்தேகத்தை எழுப்புகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் மாட் வழக்கு முதல் நம் நாட்டில் நிலைபெற்ற விதி.

“கொல்ல நினைக்கவில்லை” என்பது மட்டும் போதாது. 300ஆவது பிரிவின்படி, இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாலும் அது கொலைதான். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1958ஆம் ஆண்டு வீர்சா சிங் தீர்ப்பு இதை விளக்குகிறது. நம் தண்டனைச் சட்டத்தின் மூலம் இந்தியச் சட்டமே என்பதால் இங்கும் அதை எடுத்தாள்கிறார்கள். குறிப்பிட்ட அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்ததா என்பதில் சந்தேகம் எழுந்தால், குற்றம் 304ஆவது பிரிவுக்கு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு, இறங்கலாம். மரணம் நேரக்கூடும் என்ற அறிவு மட்டுமே இருந்தது என முடிவானால், சிறைத்தண்டனையின் உச்சம் 10 ஆண்டு.

பதில் 2 (பாலர் பள்ளி ஆசிரியை)

அந்தப் பிள்ளை அடிவாங்கிக்கொண்டிருந்ததை வீட்டிலிருந்த பெரியவர்கள் அறிந்திருந்தார்களா? துன்புறுத்தல் நடப்பதாக நம்பக் காரணமிருந்தால், குடும்பத்தாரே தெரிவித்தாக வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் சொல்கிறது. தாலியான் காசே எனும் அரசு உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணுக்கு ஒருவரும் அழைக்கவில்லையே என்று நெஞ்சு கொதிக்கிறது. உடலில் பழைய காயங்கள் இருந்திருந்தால், மேல்முறையீடு எப்படி நிற்கும்?

பதில் 1 தொடர்ச்சி

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பழைய காயங்கள் அவருக்கு எதிராகவே பேசும். அவற்றை மறைத்து வாதிட முடியாது. ஆனால் முன்பு அடித்தவரே இறுதி அடியையும் கொடுத்தார் என்பது தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது.

தம்பிக்கு இன்னொன்று. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்ட பிறகு, 302ஆவது பிரிவுக்கு மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறை என்றாகிவிட்டது. அவருக்குக் கிடைத்திருப்பது குறைந்தபட்சம். தண்டனை போதாது என்று அரசுத் தரப்பும் மேல்முறையீடு செய்யலாம் என்பதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. நாளை சிறைக்குச் சென்று அறிவிப்பைக் கொடுக்கச் சொல்கிறேன். மருத்துவரின் சாட்சியப் பதிவைக் கேட்டு நீதிமன்றத்துக்கும் எழுதுகிறேன். ஆசிரியை அக்கா கேட்ட கேள்விக்குப் பதில், ஆம், வீட்டில் சிலருக்குத் தெரிந்திருந்தது.