‘பாகம்’ ‘பாக்கம்’ ஆகிறது: பழைய பதிப்பு சுவிட்சா, புதியதா? எந்தச் சோதனைப் பலகையில் பார்ப்பது?

சத்துவாச்சாரி தட்டச்சர்:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் பத்திரம், மனு, வாக்குமூலம் முதலியவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். தட்டச்சு இயந்திரத்தில் பழகி முதுநிலைத் தேர்வில் தேறியவன் என்றாலும், கணினிக்கு வந்த பிறகு தமிழ்99 விசையமைப்புக்கு மாறிவிட்டேன். நாளொன்றுக்கு முப்பது பக்கம் வரை அடிக்க வேண்டியிருக்கும்.

என்னிடம் இருப்பது 87 விசைகள் கொண்ட ஹாட்-ஸ்வாப் விசைப்பலகை, அதாவது ஒவ்வொரு விசையின் கீழும் உள்ள சுவிட்சைப் பற்றவைப்பின்றிக் கழற்றி மாற்றக்கூடியது. அதில் வந்த நீலநிற கிளிக் சுவிட்சுகளால் எனக்கு ஒரு சங்கடம். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். வேகமாக அடிக்கும்போது இரண்டாவது தட்டு பதிவாகாமல் ‘பாக்கம்’ ‘பாகம்’ ஆகிவிடுகிறது. சில நாட்களில் இதற்கு நேர்மாறாக ஒரே தட்டு இரண்டாகப் பதிவாகி ‘பாகம்’ ‘பாக்கம்’ ஆகிறது, ‘விலை’ ‘வில்லை’ ஆகிறது. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை முத்திரைத்தாளில் அச்சிட்ட பிறகு இந்தப் பிழையைக் கண்டு, தாளின் விலையை என் கையிலிருந்து கொடுத்தேன்.

ஆகவே கேட்டரான் என்ற நிறுவனத்தின் மஞ்சள் சுவிட்சுக்கு மாறலாம் என்று, பழகியவர் ஒருவரிடம் பத்து வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பிடித்திருந்தது. பிறகு இணையக் கடை ஒன்றில் அதே பெயரில் தொண்ணூறு வரவழைத்தேன். வந்தவை வேறு மாதிரி இருக்கின்றன. பழைய பத்தில் மேல்மூடி பால்நிறம், அடிப்பகுதி கருப்பு. புதியவற்றில் மேலும் கீழும் பால்நிறம். அழுத்தும்போதும் வேறுபாடு தெரிகிறது. கடைக்காரரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். இவற்றுக்கு அப்பால் ‘ப்ரோ’ என்றும், ‘ப்ரோ 2.0’, ‘ப்ரோ 3.0’ என்றும் பதிப்புகள் இருக்கின்றனவாம். எதை எடுப்பது? எடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க, பன்னிரண்டு சுவிட்சுகளைச் செருகி வைத்திருக்கும் அக்ரிலிக் சோதனைப் பலகை போதுமா, அல்லது வேறு ஏதேனும் வேண்டுமா?

காட்பாடி விடுதி மாணவன்:

ஐயா, வணக்கம். உங்கள் கடைக்காரர் சொல்வது பாதி சரி. இரண்டுமே கேட்டரான் மஞ்சள்தான், ஆனால் ஒரே சுவிட்ச் அல்ல. சுவிட்ச் உலகில் நிறத்தின் பெயரை வைத்து மட்டும் வாங்கினால் இப்படித்தான் ஆகும். இந்த வகைச் சுவிட்சை முதலில் செய்த செர்ரி நிறுவனத்தின் காப்புரிமை 2014வாக்கில் காலாவதியான பிறகு, அதே அமைப்பில் பல நிறுவனங்கள் சுவிட்ச் செய்யத் தொடங்கின. சிவப்பு, பழுப்பு, நீலம் என்ற பெயர்களை அவை அப்படியே எடுத்துக்கொண்டு, வார்ப்பை மாற்றும்போதெல்லாம் பெயரை மாற்றாமல் பின்னால் ஓர் எண்ணையோ ‘ப்ரோ’ என்ற சொல்லையோ ஒட்டிவிடுகின்றன. சில சமயம் அதுவும் ஒட்டுவதில்லை.

பதிப்பு மாறும்போது உள்ளே மாறக்கூடியவை சிலவே: கூட்டின் பொருளும் வார்ப்பும், நடுத்தண்டின் அளவு, ஸ்பிரிங், ஆலையிலேயே தடவப்படும் கிரீஸ். எதை மாற்றினார்கள் என்பது தெரிந்தால், நமக்குத் தேவையா என்பதும் தெரிந்துவிடும். கேட்டரான் இங்க் பிளாக் சுவிட்சின் முதல் பதிப்பில் மேல்மூடியும் அடிப்பகுதியும் தளர்வாகப் பொருந்தியதால், இடையே மெல்லிய ஃபிலிம் வைப்பது வழக்கமாக இருந்தது. இரண்டாம் பதிப்பில் அந்தத் தளர்வைக் குறைத்தார்கள். செர்ரி 2023-இல் கொண்டுவந்த எம்எக்ஸ்2ஏ வரிசையில் ஆலை கிரீஸும் பீப்பாய் வடிவ ஸ்பிரிங்கும் வந்தன. சிவப்பு சுவிட்சுக்கு 45 சென்டிநியூட்டன் விசை, 2 மில்லிமீட்டரில் பதிவு, 4 மில்லிமீட்டர் மொத்த ஆழம் என்ற அடிப்படை அளவுகள் அப்படியே இருக்கின்றன. கேட்டரான் ‘ப்ரோ’ வரிசையின் முக்கியமான மாற்றமும் ஆலையிலேயே கிரீஸ் தடவி வருவதுதான். ஆகவே தொண்ணூறு சுவிட்சைப் பிரித்துத் தூரிகையால் கிரைடாக்ஸ் என்ற கிரீஸைத் தடவும் பொறுமை இருப்பவருக்குப் ‘ப்ரோ’ அவசியமில்லை. எனக்கு ஒரு விடுமுறை முழுவதும் அந்த வேலையிலேயே போயிற்று. இரண்டாம் முறை செய்ய மாட்டேன்.

நீலச் சுவிட்சைக் கைவிட்டது சரியான முடிவு. அந்த வகையில் தண்டு இரண்டு துண்டுகளாக இருக்கிறது; வெளித்துண்டு நழுவி விழும்போதுதான் ‘கிளிக்’ ஒலி எழுகிறது. இதனால் விசை பதிவாகும் இடமும், அது விடுபட்டு மறுதட்டுக்குத் தயாராகும் இடமும் விலகி நிற்கின்றன. பதிவான இடத்தைவிடக் கணிசமாக மேலே விரல் எழும்பினால்தான் அடுத்த தட்டு கணக்கில் வரும். ஆங்கிலத்தில் அடிப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. க்க, ட்ட, த்த, ல்ல என்று ஒரே விரலால் அடுத்தடுத்துத் தட்டும் தமிழ்99-காரர்களுக்கு நாள் முழுவதும் இடையூறு. கிளிக்கோ தடையோ இன்றிச் சீராக இறங்கும் மஞ்சள் போன்ற லீனியர் சுவிட்சுகளில் இவ்விரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒன்றே.

சோதனைப் பலகையைப் பற்றி: அக்ரிலிக் பலகையில் விசைப்பலகையில் இருப்பதுபோல் சுவிட்சைத் தாங்கும் பிளேட்டும் (தகடும்) இல்லை, கீழே மின்சுற்றுப் பலகையும் இல்லை, அதில் எழுத்தும் விழாது. கனமா இலேசா என்பது மட்டும் தெரியும். ஒரே சுவிட்சின் இரு பதிப்புகளுக்கு இடையே உள்ள ஒலி, தள்ளாட்டம், உராய்வு ஆகியவற்றை அதில் உணர்வது கடினம். மேலும், 50 கிராம் என்று அச்சிடப்பட்ட கேட்டரான் மஞ்சளுக்கு நிறுவனமே கொடுக்கும் ஏற்ற இறக்கம் 15 கிராம். அப்படியிருக்க, வகைக்கு ஒன்று வீதம் செருகிய பலகையில் தெரியும் வேறுபாடு பதிப்பினுடையதா, அந்த ஒற்றைத் துண்டினுடையதா என்று எப்படிச் சொல்வது?

உங்களிடம் ஏற்கெனவே ஹாட்-ஸ்வாப் பலகை இருக்கிறது. அதுவே சோதனைப் பலகை. ஒவ்வொரு பதிப்பிலும் பத்து வாங்கி, க, ப, ம, த, ட, ல ஆகிய விசைகளின் கீழ் போட்டு ஒரு நாள் வேலை செய்யுங்கள். மறுநாள் வேறு பதிப்பைப் போடுங்கள். விசையின் மேல்மூடியான கீகேப்பை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் அது மாறினால் ஒலியும் மாறிவிடும்.

ஆம்பூரான்:

சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் கடை என்கிறீர்கள். நெடுஞ்சாலைத் தூசியையும் கோடையில் விரல் நுனி வேர்ப்பதையும் கணக்கில் எடுத்தால், கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகைச் சுவிட்சுதான் பொருத்தம் என்பது என் கருத்து. தண்டைச் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாலும் மின்தொடுப்பு தனி அறைக்குள் இருப்பதாலும் தூசி எளிதில் நுழையாது. ஐபி56 (தூசி, நீர்த் தடுப்புத்) தரம் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. தோல் கிடங்கு ஒன்றின் கணக்குப் பிரிவில் பாக்ஸ் சிவப்பை வைத்து அடித்துவருகிறேன், இதுவரை இரட்டைப் பதிவு வந்ததில்லை. ஆழம் 3.6 மில்லிமீட்டர் என்பதால் பழகச் சில நாள் ஆகும்.

காட்பாடி விடுதி மாணவன்:

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் பதிப்பு என்ற பேச்சில் பாக்ஸ் சுவிட்சைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்ககால பாக்ஸ் சுவிட்சுகளில் தண்டின் சிலுவை முனை செர்ரி அளவைவிடச் சற்றுத் தடிமனாக இருந்ததால், கீகேப்பின் அடித்துளை விரிந்தது, சில விரிசலும் விட்டன. 2018-இல் இது பெரிய பேச்சாகி, கைல் நிறுவனம் வார்ப்பைத் திருத்தியது. இப்போது புதிதாக வருபவற்றில் அந்தக் கவலை இல்லை. யாரேனும் பழைய இருப்பை மலிவாகத் தருகிறார்கள் என்றால் மட்டும், வெர்னியரால் சிலுவை முனையை அளந்து, நல்ல சுவிட்ச் ஒன்றோடு ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள்.

ராணிப்பேட்டை வன்பொருள்:

நண்பரே, நான் பழுதுபார்ப்பவன். எனக்குச் சுவிட்சின் சுகத்தைவிடக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதில்தான் அக்கறை. நீங்கள் சொன்னவை இரண்டு வெவ்வேறு நோய்கள். இரண்டாம் தட்டு விழாமல் போவதற்குத் தம்பி சொன்ன காரணம் சரி, சுவிட்சை மாற்றினால் தீரும். ஒரே தட்டு இரண்டாகப் பதிவாவது வேறு நோய். சுவிட்சினுள் இருக்கும் உலோகத் தகடு தொடும்போது ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாதிருக்க விசைப்பலகையின் நிரல் சில மில்லிவினாடிகள் காத்திருக்கும். பல விசைப்பலகைகளில் உள்ள கியூஎம்கே என்ற நிரலில் இயல்பாக இது 5 மில்லிவினாடி. தகட்டில் அழுக்குச் சேர்ந்தாலோ தேய்ந்தாலோ துள்ளல் நீண்டு, இரண்டு தட்டாகப் பதிவாகும்.

ஆனால் இதை முடிவு கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எந்த விசையில் இரட்டைப் பதிவு வருகிறதோ அதன் சுவிட்சைக் கழற்றி, அதிகம் பயன்படாத இடத்திலும், அந்த இடத்துச் சுவிட்சை இங்கேயும் மாட்டுங்கள். கோளாறு சுவிட்சோடு போனால் சுவிட்ச் பழுது. அதே விசையில் தங்கிவிட்டால் அடியில் சுவிட்சைச் செருகும் சாக்கெட் பழுது. ஹாட்-ஸ்வாப் சாக்கெட்டுகளுக்கும் ஆயுள் உண்டு. கைல் சாக்கெட்டுக்குச் சொல்லப்படும் கணக்கு ஏறக்குறைய நூறு முறை. நாளுக்கு ஒரு பதிப்பு என்று மாற்றினால் நூறைத் தொட வெகுகாலம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் உலோகப் பின் (கால்) வளைந்த சுவிட்சை ஒருமுறை வலிந்து அழுத்தினாலே சாக்கெட் பற்றவைப்பு விட்டுவிடும். செருகும்போது பலகையின் அடியில், அந்த இடத்துக்கு நேராக, விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். பலகை மூன்று பின் சுவிட்சுகளுக்கு உரியதென்றால், ஐந்து பின் சுவிட்சின் இரண்டு பிளாஸ்டிக் கால்களையும் நக வெட்டியால் நறுக்கிவிடலாம்; உலோகப் பின்களைத் தொடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்கான ஒரே பலகையைச் சோதனைக்காகக் கழற்றிக்கொண்டிருப்பது எனக்கு உகந்ததாகப் படவில்லை. 17 விசைகள் கொண்ட ஹாட்-ஸ்வாப் எண்பலகை ஒன்றைத் தனியே வாங்கி, விசைகளை விருப்பப்படி மாற்றியமைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், க, ட, ல எழுத்துகளை அதிலேயே வைத்துச் சோதிக்கலாம். சோதனை முடிந்த பிறகும் சர்வே எண், சதுர அடி, தொகை எல்லாம் அடிக்க அது பயன்படும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

சத்துவாச்சாரி தட்டச்சர்:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் ராணிப்பேட்டை நண்பர் சொன்னபடி ‘க’ விசையின் சுவிட்சையும் ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சையும் இடம் மாற்றினேன். இரட்டைப் பதிவு ‘க’ விசையிலேயே நின்றது. பலகையைத் திறந்தபோது அந்தச் சாக்கெட்டின் ஒரு முனை பற்றவைப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. பலகை வாங்கிய புதிதில் சுவிட்சைக் கழற்றி மாட்டிப் பார்த்தபோது நானே வலிந்து அழுத்திய இடம் அது. இத்தனை மாதம் சுவிட்சைக் குறை கூறியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுபடி பற்றவைத்த பின் ‘பாகம்’ பாகமாகவே விழுகிறது. ‘விலை’ மட்டும் இன்னும் இரண்டு முறை ‘வில்லை’ ஆயிற்று. அங்கே கோளாறு சுவிட்சோடு நகர்ந்ததால் அதைக் கழற்றி எறிந்தேன்.

எண்பலகை வாங்கினேன். பழைய மஞ்சள், முழுப் பால்நிற மஞ்சள், ‘ப்ரோ’ மஞ்சள், பாக்ஸ் சிவப்பு ஆகிய நான்கையும் வகைக்கு நான்கு வீதம் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி என் உதவியாளரை மாற்றி மாற்றிச் செருகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தபோது பாக்ஸ் சிவப்பை அதன் குறைந்த ஆழத்தால் ஒவ்வொரு முறையும் சொல்ல முடிந்தது. ‘ப்ரோ’வை உராய்வில்லாத ஓட்டத்தால் அடையாளம் கண்டேன். பழைய மஞ்சளையும் முழுப் பால்நிற மஞ்சளையும் பிரித்துச் சொல்ல முயன்று பெரும்பாலும் தோற்றேன். நான் உணர்ந்ததாகச் சொன்ன வேறுபாடு, பழைய பத்தும் ஏற்கெனவே அடித்துத் தேய்ந்தவை என்பதால் வந்ததாக இருக்கலாம். ஆம்பூர் அன்பர் மன்னிக்கவும்: பாக்ஸ் சிவப்பில் ‘ட்ட’ அடிக்கையில் விரல் சீக்கிரமே தரை தட்டுவது, நாற்பதாண்டுப் பழக்கமுள்ள என் கைக்கு ஒத்துவரவில்லை.

தொண்ணூறு பால்நிற மஞ்சளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு தாண்டிவிட்டது. எழுத்து விசைகளுக்கு மட்டும் ‘ப்ரோ’ நாற்பது வாங்கினேன். மற்ற இடங்களில் பால்நிற மஞ்சளே இருக்கிறது. காட்பாடித் தம்பிக்கு ஒரு கேள்வி: ஸ்பேஸ் பாரின் கீழும் ‘ப்ரோ’வைப் போட்டும் அது மட்டும் தகரம்போல் ஒலிக்கிறது. இது சுவிட்சின் குறையா, நீளமான விசை சாயாமல் இருக்க இருபக்கமும் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் குறையா?

காட்பாடி விடுதி மாணவன்:

கம்பிதான், ஐயா. எந்தப் பதிப்பு சுவிட்ச் போட்டாலும் அந்த ஒலி போகாது. கீகேப்பைக் கழற்றி, கம்பியின் வளைந்த இரு முனைகளும் செருகியிருக்கும் இடத்தில் சிறிதளவு கெட்டியான டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். என்னிடம் ஒரு குப்பி இருக்கிறது. சனிக்கிழமை சத்துவாச்சாரிப் பக்கம் வருவேன், கொண்டு வருகிறேன்.