கலைச்சொல் விவாதம்: ஹெட்செட்டுக்குள் புகும் பிற அலைகளுக்கு என்ன பெயர்?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம். ஹெட்செட் உதவிக் குறிப்புக்காக, பிற அலைகள் உள்ளே புகுந்து குரலைக் கெடுப்பதற்கு ஒரு புதுத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுப்பு இது:

> இன்டர்ஃபியரன்ஸுக்குக் 'குறுக்கீடு' என்று பாடப்புத்தகத்திலேயே சொல் இருக்கிறது. பிறகு எதற்குப் புதுச்சொல்?

சொல் இருப்பதுதான் சிக்கலே. பிளஸ் டூ இயற்பியலில் குறுக்கீட்டு விளைவு என்றால் இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி, ஓரிடத்தில் வலுத்து, இன்னோரிடத்தில் அழிவது. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்போது நாம் உதவிக் குறிப்பு எழுதுவது ஹெட்செட்டுக்கு. விலை கூடிய ஹெட்செட்களில் வெளிச்சத்தத்தைத் தணிக்கும் வசதி உண்டு அல்லவா, அது வேலை செய்வதே இந்தக் குறுக்கீட்டு விளைவால்தான். வெளிப்புற மைக் சுற்றுச்சத்தத்தை வாங்குகிறது. உள்ளே அதற்கு நேர் எதிரான அலை உண்டாகிக் காதுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. ஆக, பக்கத்தின் மேலே 'குறுக்கீட்டால் இரைச்சல் குறையும்' என்று எழுதி, கீழே 'குறுக்கீட்டால் இரைச்சல் வரும்' என்றும் எழுத வேண்டியிருக்கும். படிக்கிறவர் நம்மைத்தான் திட்டுவார்.

'குறுக்கலை' என்று சுருக்கலாமா என்று கூடலூர் நண்பர் கேட்டிருந்தார். அந்த இருக்கையில் ஏற்கெனவே துண்டு போட்டாகிவிட்டது. நெட்டலை, குறுக்கலை என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள்.

சரி, 'இரைச்சல்' என்றே விட்டால் என்ன? அதுவும் ஆகாது. இரைச்சல் என்பது காதில் விழுவது. எங்கிருந்து வந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. கோத்தகிரியில் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் ஹெட்செட்டை மேசைமேல் வைத்துவிட்டு "இரையுதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவர் சொல்வதும் வேறு வேறு. ஒருவருக்கு 'இஸ்ஸ்' என்று சீராகக் கேட்கும். இன்னொருவருக்குக் குரல் விட்டுவிட்டு வரும். மூன்றாமவருக்கு, பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருந்த ஒலி, அழைப்பு வந்ததும் தகர டப்பாவுக்குள் போய்விடும்.

பழைய அனலாக் கருவிகளில் வேற்று அலை புகுந்தால் அது இரைச்சலாகவே கேட்கும். ரேடியோவில் இரண்டு நிலையங்கள் கலந்து கேட்டவர்களுக்குத் தெரியும். புளூடூத் அப்படியில்லை. குரல் எண்களாக மாறிச் சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் கெட்டால் பெரும்பாலும் மறுபடி அனுப்பப்படும். நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்தில் ஓட்டைதான். எனவே வேற்று அலை புகுந்ததற்கு அடையாளம் 'இஸ்ஸ்' அல்ல. சொல் பாதியில் விழுங்கப்படும், குரல் ரோபோ பேசுவதுபோல உடையும், ஒரு நொடி நின்று மறுபடி வரும். சீரான 'இஸ்ஸ்' பெரும்பாலும் ஹெட்செட்டுக்குள் இருக்கும் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபையர்) வேலை. ரவுட்டரை எங்கே நகர்த்தினாலும் அது போகாது. அழைப்பின்போது மட்டும் தகர டப்பாக் குரல் வருவதற்கு அலையே காரணமில்லை. மைக் தேவைப்பட்டதும் புளூடூத் பாட்டுக்கான முறையை விட்டுப் பேச்சுக்கான முறைக்கு மாறுகிறது. அங்கே ஒலி மாதிரி பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவைதான் எடுக்கப்படும்.

எல்லாவற்றுக்கும் 'இரைச்சல்' என்றே தலைப்பிட்டால், பெருக்கிச் சத்தம் கேட்கிறவர் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவார். குரல் அறுந்து கேட்கிறவரோ, 'நமக்குத்தான் இரைச்சல் இல்லையே' என்று அந்தப் பக்கத்தையே தாண்டிப் போய்விடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் சிற்றூர்) கால் சென்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் மடிக்கணினியையும் ஹெட்செட்டையும் சேர்த்தே கொண்டுவந்தார். "காலையில நல்லா இருக்கு, மத்தியானம் ஆனா குரல் வெட்டி வெட்டிப் போகுதுன்னு வாடிக்கையாளர் கத்துறாங்க." ஹெட்செட்டோடு பேச மடிக்கணினியில் செருகும் டாங்கிள் நகத்தளவுதான், அதைச் செருகியிருந்த துளைக்கு ஒட்டினாற்போல அடுத்த துளை, உள்ளே நாக்கு நீல நிறம். அதில் மத்தியானம் வேலைக்கோப்புகளைப் படியெடுக்க வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகுவாராம். நீல நாக்கு யு.எஸ்.பி. 3-க்கு அடையாளம். நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது அந்தத் துளையும் கம்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமாக மின்காந்தக் கசிவை விடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளும் கேட்பது அதே அலைவரிசையில்தான். ஒரு சின்ன யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி போட்டு டாங்கிளை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து டேப் ஒட்டினோம். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் தெளிந்துவிட்டது. அவர் அதுவரை புது ஹெட்செட் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்!

இங்கே டாங்கிளுக்குள் புகுந்ததன் பெயர் என்ன? அது இரைச்சலாகக் கேட்கவில்லை, யங்கின் குறுக்கீடும் இல்லை. தனக்கு வர வேண்டிய அலை அல்லாத இன்னோர் அலை, பக்கத்திலிருந்து வந்தது. நான் முன்வைக்கும் சொல் அயலலை. அயல் + அலை.

மூடுபனியைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரி வேண்டும். நம் பக்கத்தில் மேகம் இறங்கினால் எல்லாப் பழியும் அதன்மேல்தான். சட்டைப்பையிலிருந்து காதுக்குப் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனி ஒன்றும் செய்யாது. உடம்புதான் தடுக்கும், அதில் இருக்கிற தண்ணீர் அப்படி. கைபேசி இடது பின்பையில், புளூடூத் வலது காதில் என்றால் அலை நம்மைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போன் இருக்கும் பையை மாற்றினாலே பாதி வழக்கு தீரும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து

---

தம்பிக்கு,

சத்தம் தணிக்கும் ஹெட்செட் எடுத்துக்காட்டு ஒன்றே எனக்குப் போதும். 'குறுக்கீடு' இரண்டு வேலை பார்க்க வேண்டாம். அதை இயற்பியலுக்கே விட்டுவிடலாம். முப்பது வருடம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியவன் சொல்கிறேன்.

இரைச்சலையும் இதையும் பிரிக்க வேண்டும் என்பதற்கு ஊட்டியிலேயே சான்று இருக்கிறது. முத்தொரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இலிருந்து இயங்குவது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காகச் சரியும் மலையை, அதன் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்திருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவேன். சரிவையே கருவியின் பாகமாக ஆக்கிக்கொண்ட மூளை அது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வானத்திலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் அது வாங்குவதைக் காதால் கேட்டால் வெறும் இரைச்சல். ஆனால் அந்த இரைச்சல்தான் அவர்களுக்கு வேண்டிய செய்தி. கெடுப்பது, தரையில் மனிதன் அனுப்பும் ஒழுங்கான, தெளிவான அலைகள். அங்கே போய் 'இரைச்சலைக் குறைக்க வேண்டும்' என்று தமிழில் எழுதினால் எதைக் குறைப்பது?

ஆனால் அயலலையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஹெட்செட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீட்டு வைஃபை, நம் சமையலறை மைக்ரோவேவ். அவ்வளவு ஏன், பல கைபேசிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே ஆன்டெனாவை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. கைபேசி பெரிய கோப்பை இறக்கும்போது அதுவே தன் புளூடூத்துக்கு இடைஞ்சல். சொந்த வீட்டு அலையை அயல் என்பதா? அயல்நாடு, அயலகம் என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் வேற்றுக்கிரகத்து அலையோ என்று சிரிக்கவும் கூடும்.

என் மாற்று: இடரலை. இடர் தரும் அலை. கேட்டதும் பொருள் விளங்கும்.

உதகையிலிருந்து

---

> என் மாற்று: இடரலை.

இரண்டும் நன்று. என் கவலை வேறு. கலைச்சொல் எதுவானாலும் அதற்கு ஒரு வினை வேண்டும். கூடலூரில் 'டவர் கிடைக்கல', 'சிக்னல் அடிக்குது' என்று சொல்கிற வாய்க்கு அயலலை என்ன செய்யும்? அடிக்குமா, பாயுமா, புகுமா? பெயர்ச்சொல்லை மட்டும் செய்து வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அப்புறம் 'அயலலை ஏற்படுகிறது', 'அயலலை நிகழ்கிறது' என்று அரசாணை மாதிரி எழுதுவார்கள்.

கூடவே ஒன்று. பள்ளத்தாக்கில் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் போனைக் கணினி ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் 'டிட்-டிடிட்-டிடிட்' என்று கேட்கிறதே, கம்பியுள்ள ஹெட்செட்டிலும் கேட்கிறது, அதையும் இந்தச் சொல்லில் சேர்ப்பீர்களா?

கூடலூரிலிருந்து

---

ஐயா, நண்பரே,

கூடலூர்க் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஐயாவின் உறுத்தலுக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது.

'டிட்-டிடிட்' கட்டாயம் அயலலைதான், அதுவும் காதுக்கே கேட்கிற அயலலை. 2ஜி போன் தொடர்ச்சியாக அலை அனுப்பாது. நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பை ஸ்பீக்கர் கம்பியும் பெருக்கியும் வாங்கி ஒலியாக்கிவிடுகின்றன. 217 ஹெர்ட்ஸ் நம் காதுக்கு நன்றாகவே கேட்கும். டவர் தூரமாக இருந்தால் போன் முழு வலுவில் அனுப்பும், 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 2 வாட் வரைக்கும். பள்ளத்தில் சத்தம் கூடுதலாக இருப்பது அதனால்தான். இங்கே அயலலை காரணம், இரைச்சல் விளைவு. புளூடூத்தில் அயலலை காரணம், குரல் அறுவது விளைவு. இரண்டு சொல் இருந்தால்தான் இதை எழுதவே முடியும்.

இப்போது இடரலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் அது அலைமேல் குற்றம் சாட்டுகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர் அலையில் அந்த வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கிறது. அவளுக்கு அது இடரில்லை, என் ஹெட்செட்டுக்கு மட்டும்தான் இடைஞ்சல். அவள் ரவுட்டருக்கு என் புளூடூத் இடைஞ்சல். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த வலுவில் யார் வேண்டுமானாலும் உரிமமில்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் அறிவித்தாகிவிட்டது. புறம்போக்கு நிலம்போல எல்லாரும் புழங்கும் இடம்; அங்கே யாரை இடர் என்பது? முத்தொரைக்கும் இது பொருந்தும். கைபேசிக் கோபுரத்தின் அலை ஊருக்கு வேண்டியது, தொலைநோக்கிக்கு மட்டும் வேண்டாதது.

அயல் என்பது அப்படித் தீர்ப்புச் சொல்லாது. அக்கம்பக்கம் என்கிற பொருள்தான் அதற்கு முதலில். அயல்வீடு என்றால் அடுத்த வீடு. எனக்கும் என் போனுக்கும் நடுவே ஓடும் அலை தவிர மற்றதெல்லாம் எனக்கு அயல், அது என் சமையலறையிலிருந்து வந்தாலும் சரி. மைக்ரோவேவ் 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, புளூடூத்துக்கு அது அடுத்த வீடு கூட இல்லை, ஒரே திண்ணை. பிள்ளைகள் வேற்றுக்கிரகம் என்று சிரித்தால் சிரிக்கட்டுமே, சொல் மனசில் நிற்கும்.

வினைக்கு 'புகுதல்' வைக்கலாம். அயலலை புகுகிறது, புகுந்தது. பேச்சில் 'அயலலை அடிக்குது' என்று வந்தால் தடுக்க வேண்டாம்.

இன்னொரு பயனும் உண்டு. புளூடூத் ஏன் இத்தனை நெரிசலிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது என்பதை இந்தச் சொல்லால் எளிதாக எழுதிவிடலாம். பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறிக்கொண்டே பேசுகிறது. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து அயலலை மிகுந்த தடங்களைக் கண்டுகொண்டு அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் தாவுகிறது. வைஃபை ஒரு தடத்துக்கே சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். 1, 6, 11 என்ற மூன்று வைஃபை தடங்களிலும் ரவுட்டர்கள் நிரம்பிய விடுதிகளில் புளூடூத் ஒதுங்க மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

குறிப்பில் வரப்போகும் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

> குரல் விட்டுவிட்டு வந்தாலோ உடைந்து கேட்டாலோ அயலலை புகுந்திருக்கலாம். டாங்கிளை யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வையுங்கள். கைபேசியை ஹெட்செட் இருக்கும் பக்கத்துப் பைக்கு மாற்றுங்கள். ரவுட்டரையும் மைக்ரோவேவையும் விட்டு விலகி உட்காருங்கள். மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். சீராக 'இஸ்ஸ்' என்று மட்டும் கேட்டால் அது அயலலை அல்ல. ஒலியளவைப் போனில் கூட்டி ஹெட்செட்டில் குறைத்துப் பாருங்கள்.

கடைசி வரியில் 'ஒலியளவு' சரியா, 'சத்தம்' என்றே போட்டுவிடலாமா? எனக்குச் 'சத்தம்' பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து

---

'சத்தம்' என்றே போடு, தம்பி. இடரலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'நீட்டிப்புக் கம்பி' இருக்கும் வரியில் எத்தனை நீளம் என்று சொல்லவில்லையே. அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று எழுதிவிடு, இல்லையென்றால் யாராவது பத்து மீட்டர் வாங்கிவருவார்கள்.

உதகையிலிருந்து