மிரர் இருந்தும் ஒரு டிஸ்க் போனதற்கே சர்வர் படுத்துவிட்டது

கொழிஞ்சாம்பாறை:
இங்கே ஒரு பால் சொசைட்டியின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ், இரண்டு 2 டிபி சாட்டா டிஸ்க், எம்டி ரெய்டு 1, அதாவது லினக்ஸே இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதிவைக்கிற மிரர். நேற்றுக் காலை பால் அளக்கிற நேரம் பார்த்து உறைந்துவிட்டது. அனலைசர் கொழுப்பைக் காட்டுகிறது, ரசீது வரவில்லை. கேனோடு வரிசை கேட்டைத் தாண்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் உயிர் வரும், மறுபடி நின்றுவிடும். ரீபூட் கொடுத்தால் பூட்டே ஆகவில்லை, கறுப்புத் திரை. கடைசியில் முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பென்டிரைவிலிருந்து கிளப்பினால், இரண்டாவதில் எல்லாத் தரவும் பத்திரமாக இருக்கிறது. தலைவர் கேட்கிறார், “ஒண்ணு போனாலும் ஓடும்னுதானே ரெண்டு வாங்கினோம்?” என்ன பதில் சொல்ல?

காந்திபுரம் கடை:
சாஃப்ட்வேர் மிரர் என்றால் இப்படித்தான் தம்பி. மிரர் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற தனி ரெய்டு கார்டு போடுங்கள். டிஸ்க் மக்கர் செய்தால் கார்டே அதைத் தூக்கி வெளியே போட்டுவிடும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. நான் கார்டு விற்கிறவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் வாளையார் தாண்டி உங்கள் பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஒருவராவது இதே கதையோடு வருகிறார்கள்.

புளியரை:
கடைக்கார அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. இங்கே மிரர் தோற்கவில்லை, தரவு பிழைத்திருக்கிறதே. டிஸ்க் ஒரேயடியாகச் செத்திருந்தால் எம்டி அதை ஒதுக்கிவிட்டு ஓடியிருக்கும். இது சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்த டிஸ்க். வீட்டுக் கணினிக்கு விற்கிற டிஸ்க், கெட்ட செக்டாரை, அதாவது தரவு எழுதியிருக்கிற சிறு துண்டை, படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சிலது நிமிடக்கணக்கில். லினக்ஸின் மையமான கெர்னலின் பொறுமை 30 விநாடி. அதற்குமேல் போனால் டிஸ்க்கோடு இருக்கிற லிங்க்கை ரீசெட் செய்யும், திரும்பக் கேட்கும், திரும்ப ரீசெட். அத்தனை நேரமும் உங்கள் ரசீது புரோகிராம் வாயில்படியில் நிற்கும். கெர்னல் லாகில் ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்ற வரி அடுக்கடுக்காக இருக்கிறதா, பாருங்கள்.

மருந்து டிஸ்க்கைச் சோதிக்கிற ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்று சொல்கிற எஸ்சிடி ஈஆர்சி என்ற அமைப்பை 70 (பத்தில் ஒரு விநாடிக் கணக்கு) என்று வைத்தால் டிஸ்க் 7 விநாடியில் கைவிரித்துவிடும். எம்டி மற்ற டிஸ்க்கிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கெட்ட இடத்தில் திரும்ப எழுதும். டிஸ்க்கில் அந்த வசதியே இல்லையென்றால் கெர்னலின் 30-ஐ 180 ஆக்குங்கள். ஒரு விஷயம்: பெரும்பாலான டிஸ்க்குகள் கரண்ட் போய் வந்தால் இந்த அமைப்பை மறந்துவிடும். அதனால் பூட் ஆகும்போதெல்லாம் போடுகிற மாதிரி எழுதி வையுங்கள்.

பூட் ஆகாதது வேறு கதை. பூட்டைத் தொடங்கிவைக்கிற க்ரப்பை நிறுவும்போது முதல் டிஸ்க்கில் மட்டும் போட்டிருப்பார்கள். அதன் பேக்கேஜான க்ரப்-பிசியை மறுபடி கான்ஃபிகர் செய்து இரண்டு டிஸ்க்கையும் டிக் செய்யுங்கள். நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுகிற ஸ்வாப் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மிரருக்கு வெளியே ஒரே டிஸ்க்கில் இருந்தால், அது போகும்போது ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமையும் கூட்டிக்கொண்டு போகும்.

காந்திபுரம் கடை:
இவ்வளவையும் பால் சொசைட்டி கிளர்க்கா செய்வார்? கார்டும், ஓடும்போதே டிஸ்க் மாற்றுகிற ஹாட்-ஸ்வாப் டப்பாவும் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். எது எரிகிறதோ அதை உருவி வேறு சொருக வேண்டியதுதான். உங்கள் முறையில் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க். நல்லதைப் பிடுங்கிவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

புளியரை:
விளக்கு நல்லதுதான், அதை மறுக்கவில்லை. சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க்கின் முகப்பில் ஒட்டினால் அதே வேலை நடக்கும். கார்டே செத்தால் என்ன செய்வீர்கள்? அநேகமாக அதே கம்பெனியின் ஒத்துப்போகிற கார்டு வேண்டும். எம்டி மிரரை எந்த லினக்ஸ் பெட்டியிலும் மாட்டிப் படிக்கலாம்.

மீனாட்சிபுரம்:
ரெண்டு பேரும் டிஸ்க்கையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். ஐப்பசி இடியில் ஒரு ரேஷன் மொத்தக் கடையில் பவர் சப்ளை போனபோது இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போனது. மிரரா காப்பாற்றியது? கார்டு காசுக்குப் பழைய கணினி இரண்டாவதாக ஒன்று வாங்கி, மணிக்கு ஒரு தரம் டேட்டாபேஸை அதில் நகலெடுத்து வையுங்கள். அதையும் வேறு அறையில், வேறு யுபிஎஸ்ஸில். யாராவது தப்பாக ஒரு மாதக் கணக்கை அழித்தால் மிரர் அதையும் விசுவாசமாக இரண்டிலும் அழிக்கும். ஒரு வேளை பாலை நோட்டில் எழுதினால் ஒன்றும் குடிமுழுகாது.

கொழிஞ்சாம்பாறை:
அக்கா, நோட்டில் எழுதலாம், ஆனால் கொழுப்புக்கு ஏற்ற விலையைக் கையால் போட்டால் சண்டை வரும். அதுதான் பயம். நகல் யோசனை சரிதான், செய்கிறேன்.

புளியரை அண்ணா கேட்டது: ஹார்ட் ரீசெட் வரி பக்கம் பக்கமாக இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் (கேபிள் வழிப் பிழைகள்) பூஜ்யம், 197-ஆம் எண் முந்நூறைத் தாண்டிவிட்டது.

புளியரை:
199 பூஜ்யம் என்றால் கேபிள் பெரும்பாலும் தப்பு செய்யவில்லை. 197 என்பது படிக்க முடியாமல் காத்துக்கிடக்கிற செக்டார்கள். அந்த டிஸ்க்குக்கு விடை கொடுங்கள். ஆனால் ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதால் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். 2007-ல் கூகுள்காரர்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதியதில், செத்தவற்றில் 36 சதவீதத்துக்கு மேல் வெப்பநிலை தவிர எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன. டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறு மிரர் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். அதை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எம்டி அனுப்புகிற எச்சரிக்கை மெயில் சர்வரின் நிர்வாகியான ரூட் கணக்கிலேயே தங்காமல் உங்கள் போனுக்கு வர வேண்டும்.

புது டிஸ்க் போட்டு ரீபில்ட் (நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகல்) முடிந்ததும் ஒத்திகை பாருங்கள். அணைத்துவிட்டு ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, பூட் ஆகிறதா என்று பாருங்கள். அதைத் திரும்பச் சேர்த்து, ஒத்திசைவு முடிந்த பிறகுதான் அடுத்த டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு அதை இதை மாற்றி மாற்றிக் கிளப்பினால் இரண்டிலும் இரண்டு விதத் தரவு ஆகிவிடும்.

மீனாட்சிபுரம்:
ஒத்திகைக்கு முன்னால் நகல். அதற்கு முன்னால் எதையும் கழற்றாதே தம்பி.

கொழிஞ்சாம்பாறை:
சரி அக்கா. சாயங்காலப் பால் முடிந்து அனலைசரைக் கழுவி வைத்ததும் நகலெடுக்கிறேன். டிஸ்க் வாங்க நாளைக்குக் கோவை வருகிறேன்.

காந்திபுரம் கடை:
வாருங்கள். மிச்சம் இருக்கிற டிஸ்க்கும் அதே நாளில் வாங்கியது என்றால் இரண்டாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கார்டை நான் இனி எடுத்துக் காட்டமாட்டேன், கேட்டால் மட்டும்.