கடைமடைக்கு முதல் தண்ணீர் எப்போது வரும்? கணக்கு ஒத்துவரவில்லை

கல்லணையில் திறக்கும் தண்ணீர் எங்கள் ஊர் மதகுக்கு வரும் நேரத்தை எக்செல்லில் மஸ்கிங்கம் முறைப்படி (மேலே நுழையும் நீரளவை வைத்துக் கீழே வெளியேறும் நீரளவைக் கணிக்கும் முறை) கணிக்கப் பார்க்கிறேன். முதல் தண்ணீர் மட்டும் பிடிபடவில்லை. நாற்றங்கால் போடும் நாளை முடிவு செய்வதே அதுதான்.

இடம் வெண்ணாறு பாசனத்தின் கடைசி, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும் மண் வாய்க்கால். கணக்கின் கால இடைவெளி 6 மணி நேரம், எக்ஸ் (தேங்கும் நீரைக் கணக்கிட உள்வரத்துக்குத் தரும் எடை) 0.2. மேல் மதகிலும் எங்கள் மதகிலும் அளவுகோல் பார்த்துக் குறித்த நீர்மட்டம் இருக்கிறது.

முதலில் வெளியேற்றம் மைனஸில் வந்தது. நீளத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கே (தண்ணீர் துண்டைக் கடக்கும் நேரம்) 10 மணி நேரம் கொடுத்ததும் அது சரியாகிவிட்டது. வாய்க்கால் நனைந்த பிறகு முறை வைத்து விடும் தண்ணீருக்குக் கணக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஜூனில் வரும் முதல் தண்ணீர்தான் கணக்கைவிட ரொம்பத் தாமதம், அளவும் குறைவு.

கே-யைக் கூட்டினால் முதல் தண்ணீர் பொருந்துகிறது, அப்புறம் வருவதெல்லாம் கெடுகிறது. சதவீதமாக இழப்பு கழித்தால் அளவு சரியாகிறது, நேரம் சரியாவதில்லை. ஆகாயத்தாமரையை நினைத்து மேன்னிங் எண்ணை (வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிப்பது) மாற்றியதிலும் பலனில்லை. மஸ்கிங்கம் முறையில் உள்வரத்தையும் முந்தைய வெளியேற்றத்தையும் பெருக்கும் குணகங்கள் மூன்றும் கூட்டினால் 1. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். மண் குடிப்பதற்கு அதில் இடமே இல்லை.

காய்ந்த வாய்க்காலின் ஊறல் இழப்பை, நேரம் போகப்போகக் குறையும்படி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சமன்பாட்டைக் கொண்டு சேர்ப்பது?